முகம் தெரிகிற லென்ஸ்

வில்லுடையான்பட்டு முருகன் சாட்சியாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய் கிடையாது. பொய்யென்று யாராவது காட்டிவிட்டால் என் பென்ஷனை அன்றைக்கே நிறுத்திக்கொள்ளலாம். நான் சுரங்கத்தில் பம்பு செக்‌ஷனில் இருந்து ரிட்டயர் ஆனவன். எங்கள் ஊரில் மண்ணுக்கு அடியில் கரி, கரிக்கு அடியில் தண்ணீர். அந்தத் தண்ணீரை ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கரியை வெட்ட முடியும். என் மச்சினன் கல்யாணத்துக்கு ஒரே ஒருநாள் நான் லீவு போட்டதில், கடலூர்த் துறைமுகத்தில் நின்ற படகுகள் ஒரு சாண் மேலே வந்துவிட்டன. அப்படிப்பட்ட பொறுப்பில் இருந்தவன் பொய் சொல்வானா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

விஷயம் தனகோடி வீட்டைப் பற்றியது. தனகோடி கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். வெட்டிய கரி சுரங்கத்திலிருந்து மேலே ஏறி வரும் பெல்ட்டை ஓட்டுகிறவன். சர்வீஸ் முடிய இன்னும் கொஞ்ச காலம் இருந்ததால் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலேயே இருந்தான். நான் டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்து என்கிற ஊரில் சொந்த வீடு கட்டிக்கொண்டு போய்விட்டவன். ஆனாலும் தினமும் டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய்விடுவேன். அவன் வீட்டு வாசலில் இருக்கிற பலாமரத்து நிழல் மாதிரி வடக்குத்தில் எனக்கு ஒன்று அமையவில்லை. குழம்பும் அமையவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒருநாள் போனபோது அவன் மனைவி கண்ணகி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். முட்டி ஆபரேஷன் முடிந்து வந்திருந்தாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரைக்கும் போய் வரலாம், அவ்வளவுதான். அடுப்படியில் நின்றது தனகோடி. சமையல் அவளுடையது, கை மட்டும் அவனுடையது.

"கருவாட்ட எப்ப போட்டீங்க?"

"கொதிக்கறப்ப."

"கொதி வரதுக்கு முன்னயா, வந்த பின்னயா?"

"கொதிக்கறப்பன்னு சொல்றன்ல. பலாக்கொட்ட எங்க?"

"த்தோ, கையில வச்சிகினுதான இருக்கறன். வாங்கண்ணே, ஒக்காருங்க. பெல்ட்டுல கரி கொட்டற மாதிரி உப்ப கொட்டறாரு இந்த மனுசன். நீங்களே வந்து சொல்லுங்க."

நான் உட்கார்ந்தேன். அவள் முகம் சரியில்லை. கொட்டையின் தோலை உரித்தவள் தோலைக் கிண்ணத்திலும் கொட்டையைக் குப்பையிலும் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னா தங்கச்சி, நெல்லிக்குப்பத்துலேருந்து போன் வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே."

நெல்லிக்குப்பம் என்றால் மாப்பிள்ளை வீடு. பையன் பெயர் சிவசங்கர், பேங்கில் வேலை, குணத்தில் குறை சொல்ல முடியாத பையன். பெண், தனகோடியின் ஒரே மகள் சத்யா. விமானப் படையில் பைலட். அதிலும் சும்மா போய் வருகிற விமானம் இல்லை. ஆறு விமானங்கள் ஒன்றோடொன்று உரசுகிற மாதிரி சேர்ந்து பறந்து, தலைகீழாகத் திரும்பி, வானத்தில் புகையால் கோலம் போடும் அணி ஒன்று. அதில் மூன்றாம் நம்பர் அவள்.

"அந்தம்மாவுக்கு மத்ததெல்லாம் புடிச்சிருக்குதாம். தலகீழா தொங்கறதுதான் புடிக்கலையாம்," என்றாள் கண்ணகி. "பொண்ணு கீழ ஆபீஸ் வேலைக்கு மாறிகினா தை மாசத்துல முகூர்த்தம்ங்கறாங்க. வர திங்கக்கெழமைக்கு அடுத்த திங்கக்கெழம பதில் சொல்லணும்."

"சத்யா என்னா சொல்லுது?"

"எம்மேல தூக்கி போட்டுட்டா. 'நீ வேணாம்னு ஒரு வார்த்த சொல்லும்மா, எழுதிக் குடுத்துட்டு கீழ எறங்கிடறேன். ஆனா நான் பறக்கறத ஒரு தடவ பாத்துட்டு சொல்லு'ன்னுட்டா. அடுத்த ஞாயித்துக்கெழம மெட்ராஸ்ல, பீச்சுல பறக்கறாங்களாம். இந்தக் கால வச்சிகினு நான் எங்க போயி பாக்கறது?"

"டிவில காட்டுவானே."

"டிவில பாத்தன்ண்ணே, போன வருசம். பொக தெரிஞ்சிது. பொகையா எம் பொண்ணு?" அவள் குரல் கொஞ்சம் ஏறியது. "எனக்கு மூஞ்சி தெரியணும். மேல இருக்கறப்ப அவ மூஞ்சி எப்படி இருக்குது? பயந்துகினு இருக்காளா, சிரிச்சிகினு இருக்காளா? போன்ல கேட்டா சூப்பரா இருக்கேம்பா. ஆஸ்டல்ல காமாலையில சுருண்டுகினு கெடந்தப்பவும் அதையேதான் சொன்னா."

"பயந்த மூஞ்சியா இருந்தா?"

"அன்னிக்கே நெல்லிக்குப்பத்துக்கு சரின்னுடுவன்."

"சிரிச்ச மூஞ்சியா இருந்தா?"

அவள் இன்னொரு கொட்டையை எடுத்தாள். நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு அப்படியே கையில் வைத்துக்கொண்டாள்.

"சிரிச்ச மூஞ்சியா இருந்தா நான் என்னாண்ணே பண்ண முடியும்? எனக்கு ராத்திரில தூக்கம் வராது. அது என் கஷ்டம். அவ கஷ்டம் இல்லையே."

அடுப்படியிலிருந்து தனகோடி கரண்டியோடு வந்து நின்றான். "போட்டோ நான் எடுத்துகினு வரன்."

"நீங்களா?"

"ஏன், நான்தான்."

"நம்ம கல்யாணத்துக்கு வந்த போட்டோகாரரு தலைய வுட்டுட்டு எடுத்தாரு. அவரு படிச்சிட்டு வந்தவரு."

தனகோடி கரண்டியோடு உள்ளே போய்விட்டான். மகள் பறக்கலாமா கூடாதா என்பதில் அவன் எந்தப் பக்கம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பெல்ட் ஓட்டுகிறவர்கள் அப்படித்தான். கரி தாறுமாறாகச் சரியாமல் போகிறதா என்று பார்ப்பார்களே தவிர, எங்கே போகிறாய் என்று அதைக் கேட்கமாட்டார்கள். அன்றைக்குக் குழம்பில் உப்பே இல்லை.

மறுநாள் இரண்டு பேரும் வடக்குத்தில் சைபுல்லாவின் ஸ்டூடியோவுக்குப் போனோம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் சைபுல்லா எடுக்காத கல்யாணம் கிடையாது. அவன் மனைவி கமர் நிஷா கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஆல்பம் தயாரிப்பவள். கரும்புள்ளியை அழிப்பது, மாமனாரின் தொப்பையைக் குறைப்பது எல்லாம் அவள் பொறுப்பு.

"ஏரோப்ளேனு எடுக்கணுமா? எடுக்கலாம்ண்ணே, அதுக்கென்னா," என்றான் சைபுல்லா.

"ஏரோப்ளேனு இல்ல பாய். ஏரோப்ளேனுக்குள்ள இருக்கற மூஞ்சி," என்றான் தனகோடி.

சைபுல்லா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே, நான் எடுக்கறது கல்யாணம். பொண்ணு நிக்கும், மாப்ள நிப்பாரு. தாலி கட்டறப்பகூட 'சார், கொஞ்சம் அப்படியே புடிங்க'ன்னா கைய தூக்கி புடிச்சிகினே நிப்பாரு. அய்யிரும் மந்திரத்த நிறுத்திகினு நிப்பாரு. ஏரோப்ளேன்கிட்ட போயி நான் என்னான்னு சொல்றது?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம் பாய். நீ வந்து எடுத்துக் குடு, போதும்."

"அன்னிக்கு மந்தாரக்குப்பத்துல நிஷாவோட அக்கா பொண்ணுக்கு நிக்காஹ்."

"வராம இருந்து பாரேன்," என்றாள் கமர் நிஷா, கம்ப்யூட்டரிலிருந்து திரும்பாமலே.

ஆக எடுக்கப்போவது தனகோடிதான் என்று முடிவாயிற்று. எதை வைத்து எடுப்பது என்பதுதான் மிச்சம். சைபுல்லா தன்னிடம் இருப்பதிலேயே பெரிய லென்ஸை மாட்டி மாடிக்குக் கூட்டிப் போனான். எழுபது முதல் இருநூறு வரைக்கும் இழுக்கிற லென்ஸ். மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து மேடையில் மணப்பெண்ணின் மூக்குத்தியை எடுத்துவிடும் என்றான். அனல்மின் நிலையத்துப் புகைக்குப் பக்கத்தில் ஒரு பருந்து வட்டமிட்டுக்கொண்டிருந்தது. தனகோடி அதை எடுத்தான். கீழே வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம்.

"இது என்னாண்ணே, கொசுவா?" என்றாள் கமர் நிஷா.

"பருந்தும்மா."

"இந்தப் பருந்து சிரிச்சிகினு இருக்குதா, பயந்துகினு இருக்குதான்னு சொல்லுங்க பாப்பம்."

சைபுல்லா தலையைச் சொறிந்தான். "ஆறுநூறு வேணும்ண்ணே. அதுல ரெண்டு சாதி இருக்குது. ஒண்ணு இழுக்க முடியாத ஆறுநூறு. அது பீரங்கி. ஸ்டாண்டு போட்டாதான் நிக்கும். பீச்சு கூட்டத்துல ஸ்டாண்டு போட்டீங்கன்னா காலுக்கு ஒரு கொழந்தயா மூணு கொழந்த ஏறிடும். ரெண்டாவது, நூத்தம்பதுலேருந்து ஆறுநூறு வரைக்கும் இழுத்துக்கறது. கைலயே புடிக்கலாம். மொதல்ல நூத்தம்பதுல வச்சி ஏரோப்ளேன் எங்க இருக்குதுன்னு தேடி புடிக்கணும், புடிச்சதும் இழுத்துக்கணும். பாண்டியில நிஷாவோட தம்பி அஷ்ஃபாக்கு வச்சிருக்கறான். ஊசுடு ஏரில பறவ புடிக்கறவன்."

"பறவய இல்லண்ணே, பறவய போட்டோ புடிக்கறவன்," என்று கமர் நிஷா திருத்தினாள்.

அடுத்தது கேமரா. சைபுல்லாவிடம் இரண்டு இருந்தன. புதியது பளபளப்பாக இருந்தது. பழையதில் பிடி தேய்ந்து, பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பழையதை எடுத்துத் தனகோடியிடம் நீட்டினான்.

தனகோடிக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏன் பாய், புதுச நான் ஒடச்சிடுவன்னு பாக்கறியா?"

"அய்ய, இல்லண்ணே. புதுசுக்குள்ள இருக்கற தகடு பெருசு. மண்டபம் முழுக்க வேணும்னு அள்ளும். பழசுல தகடு சின்னது. சுத்தி இருக்கறத வுட்டுட்டு நடுவுல இருக்கறத மட்டும் எடுக்கும். அதுல ஆறுநூற மாட்டினா தொள்ளாயிரம் மாட்டின கணக்கு. உங்களுக்கு வானம் வேணுமா, மூஞ்சி வேணுமா?"

"மூஞ்சி."

"அப்ப பழசு."

"சுத்தி என்னா நடந்தாலும் கண்டுக்காது, தன் வேலைய மட்டும் பாக்கும்," என்றாள் கமர் நிஷா. "எங்க வூட்டுக்காரரு மாதிரி. தைரியமா எடுத்துகினு போங்க."

பிறகு வேகம். ஒரு செகண்டை இரண்டாயிரம் துண்டாக வெட்டி, அதில் ஒரு துண்டை எடுக்கிற மாதிரி சைபுல்லா வைத்தான்.

"அவ்ளோ சின்ன துண்டுல என்னாய்யா தெரியும்?" என்றான் தனகோடி.

"அதுலதாண்ணே தெரியும். துண்டு பெருசானா மூஞ்சி ஈஷிகினு பூடும். பொத்தான பாதி அழுத்தினீங்கன்னா ஏரோப்ளேன புடிச்சிகினு அதும் பின்னாடியே ஓடும். முழுசா அழுத்தினா தடதடன்னு எடுத்துகினே இருக்கும். வேற எதையும் தொடாதீங்க." தொட முடியாதபடி எல்லாத் திருகுகளின் மேலும் வெள்ளை டேப் ஒட்டிவிட்டான். கேமரா கண்ணகியின் முட்டி மாதிரி இருந்தது.

பாண்டியிலிருந்து லென்ஸ் வந்தது. நான் அதன் வழியாகப் பார்த்ததைச் சொல்கிறேன். தனகோடி வீட்டு மொட்டை மாடியிலிருந்து வடலூர்ப் பக்கம் திருப்பினேன். வடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். சர்க்கரை ஒரு ஸ்பூன் குறைவாகப் போட்டார். மறுநாள் நான் அங்கே போய் அந்த டீயைக் குடித்துப் பார்த்தேன். குறைவாகத்தான் இருந்தது.

ஓடுகிற பொருளை எடுத்துப் பழக வேண்டும் என்பதால் தனகோடி என்னை ஓடச்சொன்னான். டவுன்ஷிப் ரோடு அகலமானது, இரண்டு பக்கமும் மரம். முதல் ஷிப்டு பஸ்கள் போன பிறகு காலியாகக் கிடக்கும். அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு நான் டிவிஎஸ்ஸில் பறந்தேன். அவன் மரத்தடியில் நின்று எடுத்தான். முதல் நாள் எல்லாப் படத்திலும் மரம் மட்டும் இருந்தது. இரண்டாம் நாள் என் பின்சக்கரம் வந்தது, பிறகு என் காது. என் காது இவ்வளவு பெரியது என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவன் கை திருந்திவிட்டது. வண்டிச் சத்தம் மூலையில் கேட்டதும் உடம்பு தானாகத் திரும்பி, லென்ஸ் என்னைக் கவ்வி, கடைசிவரை விடாமல் வந்தது. படத்தைக் கண்ணகிக்குக் காட்டினோம்.

"அண்ணே, மேல கடவாப்பல்லு ஒண்ணு ஆடுது, டாக்டர்ட்ட காட்டுங்க," என்றாள். பிறகு தனகோடியை நிமிர்ந்து பார்த்து, "கொண்டாந்துடுவீங்க," என்றாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சனிக்கிழமை பஸ் ஏறினோம். லென்ஸைத் தனகோடி கண்ணகியின் பழைய நூல்சேலையில் சுற்றி மார்போடு அணைத்து வைத்திருந்தான். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"கொழந்தைக்கு எத்தன வயசுங்க?"

"எரவல் கொழந்தைங்க," என்றேன் நான். அதற்குமேல் அவர் எங்களிடம் பேசவில்லை.

மெரினாவில் ஞாயிற்றுக்கிழமை வெயிலைப் பற்றிச் சொல்லப் போவதில்லை, சொன்னால் நம்பமாட்டீர்கள். கண்ணகி கட்டிலிலிருந்தபடியே கட்டளையிட்டுச் செய்யவைத்த புளிச்சோறு பொட்டலத்துக்குள் மறுபடியும் ஒருமுறை வெந்தது. மணலில் கால் வைக்க இடமில்லை. குடைகள், துண்டுகள், தோளில் பிள்ளைகள். தண்ணீர் ஓரமாக ஓர் இடம் பிடித்து நின்றோம். நிகழ்ச்சி முடிந்த பிறகும் பைலட்டுகளை வெளியே விடமாட்டார்களாம். ராத்திரி போன் பண்ணுவதாகச் சத்யா முன்பே சொல்லியிருந்தாள்.

முதலில் ஹெலிகாப்டர்கள் வந்தன. தனகோடி நன்றாகவே எடுத்தான். பிறகு ஜெட் விமானங்கள். அங்கேதான் வந்தது வினை.

கூட்டம் "ஓ" என்றது. நான் பார்த்தேன். கடலுக்கு மேலே ஒரு விமானம் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்து தலைக்கு மேலே போய்விட்டது. அது போன பிறகு இடி மாதிரி சத்தம். சத்தம் கேட்டதும் தனகோடி திரும்பி, சத்தம் வந்த இடத்தைப் பார்த்துத் தடதடவென்று எடுத்தான். அங்கே வானம் மட்டும் இருந்தது. அடுத்தது வந்தது. மறுபடியும் வானம். மூன்றாவதுக்கும் வானம். எடுத்ததைப் பார்த்தோம். மேகம், மேகம், நீலம், ஒரு காக்கா.

"என்னாய்யா பண்ற?"

"தெரியலண்ணே. வரதுன்னு தெரியுது. கை திரும்ப மாட்டேங்குது. சத்தம் வந்தாதான் திரும்புது."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பெல்ட் ஓட்டுகிறவனுக்கு முதலில் சைரன். சைரன் ஊதி ஓய்ந்த பிறகுதான் பெல்ட் நகரும். சைரன் கேட்காமல் கையை நீட்டுகிறவனுக்குக் கை மிஞ்சாது. முப்பது வருஷத்துக்கு மேலாக அவன் உடம்பு படித்த பாடம் அது: சத்தம் முதலில், அசைவு பிறகு. என் டிவிஎஸ் வண்டியும் அப்படித்தான், அது வருவதற்கு ஒரு தெரு முன்னாலேயே அதன் சத்தம் வந்துவிடும். இந்த ஜெட் விமானங்களோ அசைவை முன்னால் அனுப்பிவிட்டுச் சத்தத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தன. தனகோடியின் கண் பார்த்தது. கை உத்தரவுக்குக் காத்திருந்தது.

ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கடைசியாக அந்த ஆறு விமான அணி.

தனகோடி கேமராவை என்னிடம் நீட்டினான். "அண்ணே, நீ எடு. என்னால முடியாது. கண்ணகி அங்க காத்துகினு இருக்குது."

"எனக்கு பல்லே ஆடுது, கை ஆடாதா? நீ கண்ண வச்சிகினு நில்லு. சைரன நான் ஊதறன்."

"என்னாது?"

"நில்லுய்யா!"

அவனுக்குப் பின்னால் போய் நின்று வடக்கே பார்த்தேன். கடலும் வானமும் சேர்கிற இடத்தில் ஆறு புள்ளிகள். இரண்டு கைகளையும் வாயில் குவித்து, சுரங்கத்துச் சைரனை அடிவயிற்றிலிருந்து ஊதினேன். "ஊஊஊஊ..." பக்கத்திலிருந்த ஒரு பெண் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டாள். "யோவ் பெருசு, வெயில் ஏறிடுச்சா?" என்றார் ஒருவர். போலீஸ்காரர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தூரத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பல் ஒன்று எனக்குப் பதில் ஊதியது. இதையும் சேர்த்துத்தான் முருகன்மேல் சத்தியம் செய்திருக்கிறேன்.

ஊதல் ஓய்ந்த நொடியில் தனகோடியின் உடம்பு திரும்பியது. ஷிப்டில் நிற்கிற தனகோடி. தோள் இறுகி, முழங்கை விலாவில் ஒட்டி, லென்ஸ் கடல்மட்டத்திலிருந்து மெதுவாக ஏறியது. நூற்றைம்பதில் பிடித்தான், ஆறுநூறுக்கு இழுத்தான். ஆறும் சேர்ந்து சாய்ந்தன. வாலில் 3 என்று எழுதியிருந்த விமானம் எங்கள் பக்கமாகக் கவிழ்ந்து, கண்ணாடிக் கூண்டைத் தட்டில் வைத்து நீட்டுகிற மாதிரிக் காட்டிக்கொண்டு போனது. தடதடதடதட. எல்லாம் முடிந்த பிறகுதான் இடி வந்து எங்கள்மேல் விழுந்தது.

போலீஸ்காரர் என் தோளைத் தொட்டார். "என்ன சார் பிரச்சனை?"

"அவுரு பொண்ணு சார், மேல போறது," என்றேன். அவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு தன்னிடமிருந்த தண்ணீர் பாட்டிலைத் தனகோடியிடம் கொடுத்தார்.

தண்ணீரைக் குடித்துவிட்டுத் தனகோடி கேட்டான். "அண்ணே, நீ பாத்தியா?"

"நீ பாக்கல?"

"நான் எங்க பாத்தன்? அந்த ஓட்டைக்குள்ள பொட்டு மாதிரி ஒண்ண புடிச்சிகினு இருந்தன். எப்படி இருந்துச்சு?"

"ஒரு சாய்ப்பு சாஞ்சிதுய்யா உன் பொண்ணு. கடலு அதும் தலைக்கு மேல போயிட்டு எறங்குச்சு."

"நெஜமாவா?"

"நெஜமா."

அவன் அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். புகைகூட அதற்குள் கலைந்துவிட்டது.

மறுநாள் காலை, பதில் சொல்ல வேண்டிய திங்கட்கிழமை, பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே ஸ்டூடியோவுக்குப் போனோம். கமர் நிஷா படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். விமானம் கத்தி மாதிரித் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு ஆணியும் தெரிந்தது. "மாஷா அல்லாஹ்," என்றான் சைபுல்லா. இன்னும் பெரிதாக்கினாள். கண்ணாடிக் கூண்டு. இன்னும். உள்ளே ஹெல்மெட். கண்ணுக்கு மேல் கறுப்புக் கண்ணாடி, மூக்கிலிருந்து தாடை வரைக்கும் சுவாசக் குழாய் மாட்டிய மூடி.

கமர் நிஷா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"மூஞ்சி எங்க பாய்?" என்றான் தனகோடி.

"மூடியிருக்குதுண்ணே."

ஒருத்தருக்கும் தோன்றவில்லை. லென்ஸை யோசித்தோம், தகட்டை யோசித்தோம், வேகத்தை யோசித்தோம். சைபுல்லா தலையில் அடித்துக்கொண்டான். "நேத்து நிக்காஹ்ல மாப்ள மூஞ்சிக்கு முன்னாடி பூச்சரம் தொங்குச்சு. வெலக்குங்கன்னேன், வெலக்கினாங்க. அந்தப் பழக்கம்ண்ணே. மூடியிருக்கற மூஞ்சிய யாராச்சும் தொறந்து காட்டிடுவாங்கங்கற பழக்கம்."

தனகோடி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். கமர் நிஷா அவனைப் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்.

"அண்ணே, சத்யா சிரிக்கற போட்டோ போன்ல வச்சிருப்பீங்கல்ல? அதுல ஒண்ணு குடுங்க. இந்த மூடிய எடுத்துட்டு அத வச்சிடறன். வராத மாமனையெல்லாம் ஆல்பத்துல வரவழைச்சிருக்கறன். அக்காவுக்கு சாமி சத்தியமா தெரியாது."

"பயந்த மூஞ்சி கூட வைக்கலாம்," என்றேன் நான். "அப்ப நெல்லிக்குப்பத்துக் கல்யாணமாச்சும் நடக்கும்ல."

தனகோடி போனை எடுத்தான். கட்டைவிரலால் தள்ளித் தள்ளிச் சத்யாவின் படங்களைப் பார்த்தான். ஒன்றில் நிறுத்தினான். நல்ல சிரிப்பு. ரொம்ப நேரம் பார்த்துவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"வேணாம்மா. நமக்கு வேணுங்கற சிரிப்ப அவ மூஞ்சில ஒட்டக்கூடாது. கெடச்சது இதுதான். இதையே பெருசா போட்டுக் குடு."

கண்ணகி படத்தை மடியில் வைத்துப் பார்த்தாள். தனகோடி வாசற்படியிலேயே நின்றான், செருப்பைக் கழற்றவில்லை.

"மூஞ்சி மூடிகினு இருக்குது கண்ணகி. மொதல்லயே கேட்டிருக்கணும். எனக்கு தோணல."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். விரலால் அந்த ஹெல்மெட்டைத் தடவினாள்.

"எந்தப் பக்கம் பாக்கறா?"

"பக்கத்து ஏரோப்ளேன பாத்துகினு இருக்குது. அத ஒட்டியே போவணும்ல."

"இந்தத் தோள பாருங்க."

நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். எனக்குப் பச்சைத் துணியும் பட்டைகளும்தான் தெரிந்தன.

"பயந்தான்னா தோளு காதுகிட்ட போயி ஒட்டிக்கும். ஸ்கூல்ல மேடையில பேச ஏத்துனப்ப பாத்தன், இப்படி நின்னுகினு இருந்தா." தோளைத் தூக்கிக் காட்டினாள். "இங்க பாருங்க. எறங்கி கெடக்குது. மொட்ட மாடில காத்து வாங்கறவ மாதிரி ஒக்காந்துகினு இருக்கா. கழுத்து பாருங்க, பதட்டமே இல்ல. சிரிக்கறா."

"மூடி இருக்குதே தங்கச்சி," என்றேன்.

"மூடினா என்னாண்ணே? பத்து மாசம் மூடித்தான வச்சிகினு இருந்தன். அப்ப எனக்கு தெரியலையா?"

தனகோடி அப்போதுதான் செருப்பைக் கழற்றினான்.

அவள் போனைக் கேட்டு வாங்கி நெல்லிக்குப்பத்துக்குப் பேசினாள். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க புள்ள தங்கமான புள்ள. எங்க பொண்ணு மேலயே இருக்கட்டும்னு நெனைக்கறோம்... இல்லிங்க, யோசிச்சிதான்... பாத்துட்டுதாங்க சொல்றன்." வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே தூக்கம் போச்சு," என்றாள், ஏதோ கறிகாய் தீர்ந்துபோனதைச் சொல்வது மாதிரி.

முந்தின ராத்திரி வரவேண்டிய சத்யாவின் போன் அப்போதுதான் வந்தது. கண்ணகி ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாத்தன்டி உன்ன."

அந்தப் பக்கம் சத்தமில்லை.

"அப்பா எடுத்துகினு வந்துருக்காரு. மூணாம் நம்பரு. இம்மாம் பெருசா. நெல்லிக்குப்பத்துக்கு வேணாம்னு சொல்லிட்டன். நீ பறந்துகினே இரு."

மறுபடியும் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று தனகோடி எட்டிப் பார்த்தான்.

"எப்படிம்மா இருந்தேன்?" என்றாள் சத்யா.

"நல்லா இருந்தடி. தோள எறக்கிகினு, ராணி மாதிரி ஒக்காந்துகினு இருந்த."

"சரிம்மா," என்றாள் அந்தப் பெண். வேறொன்றும் சொல்லவில்லை, ஆனால் போனையும் வைக்கவில்லை. அம்மாவும் வைக்கவில்லை.

அந்தப் படம் இப்போதும் அவர்கள் ஹாலில் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறது, யார் போனாலும் கண்ணகி அந்தத் தோளைக் காட்டுவாள்.

சத்யா பிற்பாடு என்னிடம் மட்டும் சொன்னது இது: மெரினாவில் பறந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்கு மூக்கடைப்பு என்று டாக்டர் கீழே நிறுத்திவிட்டதால், மூன்றாம் நம்பரை ஓட்டியவர் நாசிக்கைச் சேர்ந்த, முறுக்கு மீசை வைத்த, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான ஒரு மராட்டிக்காரர்.